நீர்க்கரைத் தெரு, முதல் எண் வீடு

மார்ல்பெக் நகரின் பார்லித் தெருவில், ஒன்பதாம் எண் வீட்டின் முன்னறைக் கம்பளத்தில், 1953-ம் ஆண்டு கோடையில் பார்லி முளைத்துக் கதிர் விட்டது. போருக்குப் பிறகு நகர மன்றம் கட்டிய முதல் தெரு அது. அதற்கு முன் அங்கே இருந்தது பார்லி வயல். எதை அழித்து வீடு கட்டுகிறார்களோ அதன் பெயரையே தெருவுக்கு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கொன்றவனே வந்து மாலை போடுகிற மாதிரி. அந்த வீட்டில் குடியிருந்த பெட்டிஃபர் தம்பதி யாரிடமும் புகார் சொல்லவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வீடு, அதுவும் உள்ளேயே கழிப்பறை உள்ள வீடு. கதிரைக் கத்தரிக்கோலால் அறுத்துக் கோழிக்குப் போட்டார்கள்.

அடுத்தடுத்துத் தெருக்கள் கிளம்பின. ஆப்பிள் தோட்டத் தெருவில் மாடிப்படியெல்லாம் பழம் உருண்டது. ஆட்காட்டித் தெருவில் ஆட்காட்டிக் குருவிகள் தலையணைமேல் முட்டையிட்டன. 1958-ல் லாயத் தெருவின் ஒரு சமையலறையில், எப்போதோ கசாப்புக்குப் போன பால்வண்டிக் குதிரை அதே வயதோடு, நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டியோடு வந்து நின்றது. அந்த வண்டியை ஓட்டிய பெர்சி அதற்குள் கிழவராகியிருந்தார். ஆசையாக ஓடிவந்து அதன் கழுத்தைத் தடவினார். அது அவரை யாரோ என்று நினைத்துக் கடித்துவிட்டது. ஊர் ஒரு வாரம் சிரித்துவிட்டு மறந்தது. ஹில்டா ராம்ஸ்டன் மட்டும் மறக்கவில்லை.

ஹில்டாவின் ஒரே மகன், ஆறு வயது லெஸ்லி, 1947-ம் ஆண்டின் கொடுங்குளிரில் செங்கல் சூளைக் குட்டைக்கு விளையாடப் போனான். இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். உறைந்த நீரில் சறுக்கினான், பனிக்கட்டி உடைந்தது. உடல் கிடைக்கவேயில்லை. ஊரின் பாதி வீடுகளுக்கு மண் கொடுத்த குழி அது, அவ்வளவு ஆழம். 1962-ல் அதையும் இடிபாடு கொட்டித் தூர்த்து வீடு கட்ட மன்றம் முடிவு செய்தபோது, ஹில்டா நல்ல தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுவசதிக் குழுத் தலைவர் ஆர்மராடைப் பார்க்கப் போனாள். அந்தத் தெருவுக்குத் தன் மகன் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டாள். அவள் உண்மையில் என்ன கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தேநீர் வரவழைத்தார்.

"ஸ்டேஷன் பக்கம் லெஸ்லி ரோடுன்னு ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்மா. போஸ்ட்மேன் குழம்பிடுவான்."

"குழம்பட்டும் சார். எனக்கு எம்புள்ள வேணும்."

ஆர்மராட் ஜன்னலைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார். அதற்குப்பின் மன்றம் உஷாராகிவிட்டது. இந்தப் பக்கம் வளர்ந்தே இராத மரங்களின் பெயர்களாகத் தேடித் தேடி வைத்தது. தூர்த்த குட்டையின் நிலம் உள்வாங்கிக்கொண்டே இருந்ததால் அங்கே கட்டாமல் புல் வளர விட்டார்கள். ஹில்டாவின் கணவர் இறந்தார். ஊர் மட்டும் நாலு திசையிலும் வீங்கியது. வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டு கதவுக்கு ஆளுக்கொரு வண்ணம் அடித்தார்கள்.

1986-ல் வெளியூர்க் கட்டுமானக்காரர் ஒருவர் அந்தப் புல்வெளியை வாங்கினார். தண்ணீர் என்று பெயரில் இருந்தால் வீடு சீக்கிரம் விற்கும் என்று நீர்க்கரைத் தெரு என வைத்தார். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது மரியாதையில்லை என்று யாரும் அவரை எச்சரிக்கவில்லை. ஹில்டா தன் வீட்டை விற்று முதல் எண் வீட்டை வாங்கினாள். அந்த இலையுதிர் காலத்திலேயே தரை வழியாகத் தண்ணீர் ஏறியது. மற்றவர்கள் துண்டு போட்டுப் பார்த்தார்கள், ரப்பர் பூட்ஸ் போட்டுப் பார்த்தார்கள், பிறகு கட்டியவரைத் திட்டிக்கொண்டே காலி செய்தார்கள். ஹில்டா நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி உட்கார்ந்துகொண்டாள். ஜனவரியில் முன்னறை உறைந்தது.

ஒரு சாயங்காலம் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு லெஸ்லி ஏறி வந்தான். அதே ஆறு வயது. ஒரு கையில் கையுறை இல்லை. நாற்காலியில் இருந்தவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சுக்குங்க பாட்டி, வீடு மாறி வந்துட்டேன். இருட்டுறதுக்குள்ள போகணும். எங்கம்மா திட்டுவாங்க."

ஹில்டா நாற்காலியில் இருந்தபடியே ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"திட்ட மாட்டாங்க கண்ணு," என்றாள். "முதல்ல தலையத் துவட்டு."

மறுநாள் அவனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. பாவம், வயசான மனுஷி ஏதோ சொல்கிறாள் என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். அதற்குப்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். காய்ந்த காலுறை ஒரு ஜோடி கூடுதலாகக் கொடுத்தனுப்பச் சொன்னதோடு சரி. தினமும் பள்ளி விட்டு வந்ததும் லெஸ்லி வாசல் கதவருகே நின்று, பச்சைக் கோட்டு போட்ட தன் இளம் அம்மா வருகிறாளா என்று பார்க்கிறான். ஹில்டா அவன் கழுத்துத் துணியை இறுக்கிவிட்டு, பக்கத்திலேயே நின்று அவளும் சாலையைப் பார்க்கிறாள். அந்த வழியாகப் போகிறவர்கள், இன்றைக்குக் குளிர் அதிகம்தான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.