காது வலிக்காத கடல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நல்ல பொய்யாக இருந்தாலாவது மார்தட்டிக்கொள்ளலாம். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில், மீன்தொட்டிகளுக்கு முன்னால் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு குறிப்பெடுத்த பொய் இது. பொய் சொன்னவனை ‘நான்’ என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகவே அவனுக்கு ஆனந்தகிருஷ்ணன் என்று பெயர் வைக்கிறேன். வெள்ளவத்தைக்காரன். புறக்கோட்டையில் மாமாவின் புடவைக்கடையில் துணி அளந்து கிழிப்பவன். இந்த 1969இல், ஒரு வாரமலரில் ஞாயிறுதோறும் தீவுகளைப் பற்றிப் பயணத்தொடர் எழுதுபவன். (வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அதில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வேட்டி நனைந்துவிடுமாம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: “ஆனந்தகிருஷ்ணன் நீல ஆழத்துக்குள் துணிந்து இறங்கியபோது...”

எங்கே இறங்கினான்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “புறாத்தீவின் வெண்மணலில்...”

இது பரவாயில்லை. வினை, தொடரில் அவன் அந்தத் தீவைப் பற்றி எழுதிய வாரத்தில்தான் தொடங்கியது. மணல், புறா, ஆமை, சுறாக்குட்டி எல்லாவற்றையும் எழுதிய பிறகும் பத்தியில் இரண்டு வரி இடம் மிஞ்சிவிட்டது. ஆசிரியர் அவசரப்படுத்தினார். ‘இத்தீவின் கடலில் எவ்வளவு ஆழம் சுழியோடினாலும் காது வலிப்பதேயில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.*

* முந்தைய வாரம் பவளப்பாறைகளுக்கு நடுவே தங்கமீனை நீந்தவிட்டிருந்தான். அது நன்னீர் மீன், கடலில் விட்டால் செத்துப்போகும் என்று ஒரு வாசகர் எழுதினார். பொறாமைக்காரன் என்று கடிதத்தைக் கசக்கிப் போட்டான்.

3

கொட்டாஞ்சேனையிலிருந்து இமெல்டா என்ற பெண் கடிதம் போட்டிருந்தார். “என்ர மனுசன் கிளெமென்ற் துறைமுகத்தில சுழியோடி. போன வருஷம் கப்பலடியில வேலை செய்யேக்க ஒரு காது வெடிச்சுப் போச்சு. இனித் தண்ணிக்குள்ள இறங்கினா மற்றக் காதும் போயிடும் எண்டு டொக்டர் சொன்னவர். இப்ப நீங்கள் எழுதினதைக் கேட்டுப்போட்டுப் புறாத்தீவில இறங்கப்போறன் எண்டு ரயில் டிக்கெட் எடுத்திட்டார். ஒருக்கா வந்து கதையுங்கோ தம்பி.”

போனான். உண்மையைச் சொல்லத்தான் போனான், சத்தியமாக. கிளெமென்ற் வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருபது வருஷம் துறைமுகத்துக்குள்ள சுழியோடினனான் தம்பி. ஒரு மீனைக் கண்ணால கண்டதில்ல. சேறும் எண்ணெயும்தான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்டுதான், தடவித் தடவித்தான் வேலை. சாகமுன்னம் ஒருக்கா மீனைப் பாக்கோணும்.”

“இல்லண்ணே, காது...”

“அதைத்தானே எழுதியிருக்கிறீங்கள்! நானும் முதல்ல நம்பேல்ல. காது நோகாத கடல் எங்க இருக்கு? இவளை மூண்டுதரம் வாசிக்கச் சொன்னனான். இறங்கிப் பாத்த மனுசன் பேப்பரிலயே போட்டிட்டார், நான் ஆர் இல்லையெண்டு சொல்ல?” கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பினார். “சொல்லுங்கோ, கொஞ்சமும் நோகேல்லத்தானே?”

இமெல்டா கதவோரம் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) உண்மையைச் சொல்கிறான். கிளெமென்ற் கன்னத்தில் ஒன்று வைக்கிறார். (எழுதும்போதே என் கன்னம் எரிந்தது. கைவிட்டேன்.)

ஆ) அவருடன் தீவுக்குப் போய், தானே முதலில் கடலில் குதித்து... இவனா? பக்கத்திலிருக்கும் கல்கிசைக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி எடுப்பவன்!

இ) நடந்தது. “வலிக்கலண்ணே” என்றான். கொடுத்த லவ் கேக்கைத் தின்றான். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டான். இமெல்டா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது. அவனுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். இருக்கட்டும்.

5

ரயில் திங்கட்கிழமை காலை. இந்த ஞாயிறு தொடரில் மாலைதீவு வரவேண்டியது. அந்த இடத்துக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். கதை என்று நினைத்து ஆசிரியர் வாங்கிக்கொண்டார். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் இமெல்டா அக்கா பேப்பரை விரிப்பார். கிளெமென்ற் அண்ணனுக்குக் கேட்கவேண்டுமென்றால் உரக்க வாசிக்க வேண்டும், ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கேட்கும். கேட்கட்டும்.

அக்கா, நிறுத்தாதீர்கள். இதை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.

அண்ணே, வலிக்கும். எல்லாக் கடலிலும் வலிக்கும், உங்களுக்குத் தெரியாததா? நான் கடலுக்குள் தலையை விட்டவனே இல்லை. இரண்டு வரி இடம் நிரம்புவதற்காக எழுதினேன். உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடியும் அதையே சொன்னேன்.

முடிவு என்னிடம் இல்லை. டிக்கெட் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விடச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் என்ன சொன்னார் என்று அதில் எழுதி அனுப்புங்கள் அக்கா. தூஷணமாக இருந்தாலும் ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன்.