ஊர்வலத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். மூன்று நாளாயிற்று, இதற்கு மேல் தள்ளிப்போட்டால் பொய்யே உண்மையாகிவிடும்.

ரோடியோ என்னும் குதிரைப் போட்டி முடிந்து திடலே கிளம்பிக்கொண்டிருந்தது. வெர்லீன் தங்கள் பிக்கப் வண்டியின் அருகே நின்றாள். அதன் முதுகில், படுத்துறங்கும் கேம்பர் கூண்டு சின்ன வீடுபோல உட்கார்ந்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. குதிரை ஏற்றும் டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை அதற்கடியில் இருட்டில் இருந்தது. தரையில் படுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று நாளைக்கு முன், அன்று அவள் படுத்துப் பார்க்கவில்லை. தொடக்க ஊர்வலத்துக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள், புழுதி பட்டுவிடும். போன வாரம் ஏரிக்குப் படகு இழுத்த சின்ன உருண்டையை யாரும் மாற்றியிருக்கவில்லை; குதிரை டிரெய்லருக்குப் பெரியது வேண்டும். அதிலேயே மாட்டிவிட்டு, ஓட்டுவதற்குத் தயாராக இருந்த கணவர் ஆரினிடம் "ஆச்சு, போகலாம்" என்றாள். மேட்டில் வண்டி குலுங்கியதும் டிரெய்லர் கழன்றது. பாதுகாப்புச் சங்கிலிகள் பிடித்துக்கொண்டன. உள்ளே, தோழி ட்வைலாவின் குதிரை முழங்கால் மடங்கி விழுந்தது.

ஓட்டுகிறவர்தான் மாட்டுவார் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் பழி ஆரின் தலையில் விழுந்தது.

"என்ன ஆரின், இன்னைக்கு எதுல மாட்டப்போறே? கோல்ஃப் பந்துலயா?" பக்கத்து டிரெய்லர்க்காரன் கத்தினான்.

"உன் தலையைக் குடு, அளவு சரியா இருக்கும்."

ஆரின் சிரித்தார். அவளைப் பார்க்கவில்லை. டிரெய்லர் கழன்றதும் இறங்கி, அந்தச் சின்ன உருண்டையை முதலில் பார்த்தவர் அவர்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். முதல் நாள் இதே கேலிக்கு அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்புதான் இப்போது நெஞ்சை அரித்தது.

ட்வைலா குதிரையை நடத்திக்கொண்டு வந்தாள். இரண்டு முழங்காலிலும் கட்டு. டிரெய்லரைக் கண்டதும் அது காதை மடக்கிப் பின்வாங்கியது.

"பாரு, பயந்து சாகுது. வெர்லீன், உன் புருஷன் கையில விடாதேடி. நீயே மாட்டு. உன்னை நம்பித்தான் ஏத்தறேன்."

ஆரின் தன் கையுறைகளைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

வெர்லீன் வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாம் ட்வைலா," என்றாள், மெதுவாக. "இன்னைக்கு நான் மாட்டல. அவரே மாட்டட்டும். அன்னைக்கு அவர் அதைத் தொடவே இல்ல."