மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே ஒரு நாய்க்குட்டி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மூடிய கதவுக்கு வெளியே நின்று ஒருவர் எனக்குச் சொன்னது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மதியம், எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும் ஒரு பை காய்கறியும். விளக்கும் போய்விட்டது. எனக்கு மூடிய இடம் என்றாலே உயிர் போய்விடும். கதவைத் தட்டினேன், கத்தினேன், நம்பாத கடவுள்களையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கடைசியில் வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கூட்டாளி மேலே மோட்டார் அறையில் வேலை பார்க்க, இவர் கதவோரமாக உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போமா? எங்க வீட்ல ஒரு நாய்க்குட்டி இருக்கு. அதுக்கு வயிறு சரியில்ல."

நாற்பது நிமிடம் பேசினார். கதவு திறந்ததும் நான் வெளியே பாய்ந்து, படியேறி ஓடி, வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அவருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. குட்டிக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

2

தொடங்கிப் பார்த்தவை:

"கொட்டும் மழையில் நனைந்தபடி அந்தச் சின்னஞ்சிறு ஜீவன்" (மழையே பெய்யவில்லை. குட்டி கிடந்தது ஒரு லிஃப்ட் குழியில், உடம்பெல்லாம் கிரீஸோடு.)

"வயிறு என்பது மனித வரலாற்றில்" (போதும்.)

மூன்றாவது தேறும்:

மெக்கானிக் தொழிலில் கெட்டிக்காரர். பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். சரியாகவில்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுவார். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்குச் சமைப்பவர். எந்த வியாதிக்கு எது ஆகாது என்பது அந்த அம்மாளுக்கு அத்துப்படி. இப்படிப்பட்ட இருவர் வீட்டுக்கு வந்த குட்டிக்கு நாலே நாளில் வைக்கப்பட்டவை: பால், முட்டை, ரொட்டி, ஈரல், மூன்று விதமான பாக்கெட் தீனி. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், அதை நிறுத்தாமலேயே அடுத்தது வந்தது. குட்டி எல்லாவற்றையும் கொஞ்சம் தின்றது. தின்றதையெல்லாம் மேலும் கீழுமாகத் திருப்பிக் கொடுத்தது.

"லிஃப்ட்ல இப்படி நாலு பார்ட்டை ஒரே சமயத்துல கழட்டுவீங்களா?" என்றார் மனைவி.

"நீ மட்டும் என்ன? ஆஸ்பத்திரியில பேதி ஆகுற ஆளுக்கு ஈரல் வைப்பியா?"

இருவரும் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்கள்.

நாய் டாக்டர் குட்டியைத் தராசில் வைத்தார். "ரெண்டு கிலோகூட இல்ல. இன்னொரு தடவை இப்படிப் போச்சுன்னா தாங்காது." இரண்டு மூன்று நாளைக்கு உப்பில்லாமல் வேகவைத்த சோறும் தோலில்லாத கோழியும், கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு குட்டிகளுக்கான, எளிதில் செரிக்கிற ஒரே ஒரு தீனி. அதையும் சோற்றோடு கலந்து முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். வேறு எதுவும் வாயில் படக் கூடாது.

3

இங்கே ஒரு சந்தேகம். மெக்கானிக்கை நான் ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? நன்றிக்கடன் பட்டவள் எழுதினால் இப்படித்தான் ஆகும். ஆகவே இதையும் சேர்க்கிறேன்: சோறு ஆரம்பித்த இரண்டாம் நாளே அவர் மனைவிக்குத் தெரியாமல் குட்டிக்கு அரை பிஸ்கட் கொடுத்தார். "அது பார்த்த பார்வை அப்படி மேடம்," என்றார். அன்று சாயங்காலம் திரும்பவும் துடைக்கிற வேலை. பிஸ்கட் விஷயத்தை மனைவியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. (இப்போது அச்சில் வந்துவிட்டது. மன்னியுங்கள்.)

இன்னொரு சந்தேகம் கொஞ்சம் கேவலமானது. குட்டி என்று ஒன்று உண்டா? மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை அடக்க வைத்திருக்கும் கதையோ? இரண்டாவது மாடி டீச்சரிடம் கேட்டேன். அவரும் எனக்குப் பத்து நாள் முன்பு அதே லிஃப்டில் மாட்டியவர்.

"ஆமா, எனக்கும் சொன்னாரு. ஈரல்வரைக்கும்தான் வந்தாரு, அதுக்குள்ள கதவு திறந்துடுச்சு. அப்புறம் என்ன ஆச்சு?"

டீச்சர் கண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

4

இனி வருவது நான் திருத்தாமல் எழுதவேண்டிய இடம்.

"மத்த குட்டியெல்லாம் தின்னு முடிச்சுட்டு, எவர்சில்வர் கிண்ணத்தை நக்கி நக்கியே தரையில தள்ளிக்கிட்டுப் போகுமாமே மேடம்? எங்களுது ஒருநாளும் தள்ளல. பாதியில விட்டுட்டு மூலையில போய்ப் படுத்துக்கும்." என்றார் மெக்கானிக், கதவுக்கு வெளியிலிருந்து. "நேத்துதான் பாதிக்குப் பாதி ஏத்தினோம். காலையில மறுபடி இளக்கமாப் போயிருக்கு. டாக்டர் ஊர்ல இல்ல. இன்னிக்கு என்ன வைக்கலாம், சொல்லுங்க?"

"எனக்கு நாயைப் பத்தி ஒண்ணும் தெரியாது, தம்பி."

"தெரிஞ்சவங்க எல்லாம் சொல்லி முடிச்சுட்டாங்க மேடம்."

இருட்டில் யோசித்தேன். "ஏத்தாதீங்க. கால் பங்குக்கே திரும்பிப் போங்க. நின்ன பிறகு பார்த்துக்கலாம். அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது?"

"சரி மேடம். அப்படியே செய்றேன்."

அப்போதுதான் கவனித்தேன். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பையிலிருந்த ஒரு கேரட்டைப் பாதி தின்றிருந்தேன்.

ஆனால் அந்த "அப்படியே செய்றேன்" ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றும் தெரியாதவள் சொன்னதைக் கேட்டு ஒருவர் அந்த இரண்டு கிலோ உயிருக்குச் சோறு வைத்திருக்கிறார்.

5

முடிவு அ: குட்டி கொழுகொழுவென்று வளர்ந்து வாலை ஆட்டியபடி (இது என்னை நானே மன்னித்துக்கொள்ள எழுதியது.)

முடிவு ஆ: கழுவிய கிண்ணத்தை அந்த அம்மாள் அலமாரியில் கவிழ்த்து வை

(முடிக்கக் கை வரவில்லை.)

அவருடைய எண் லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் கூப்பிட்டேன்.

"லிஃப்ட் நின்னுடுச்சா மேடம்? எந்த மாடி?"

"இல்ல தம்பி, நல்லா ஓடுது. அன்னைக்கு உங்களுக்கு நன்றி சொல்லாமப் போயிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க பேசலேன்னா நான் அன்னைக்கு என்ன ஆகியிருப்பேனோ."

"லிஃப்ட் ஓடுறப்ப எங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க மேடம்," என்றார்.

"குட்டி?" என்று கேட்டேன்.

"இருங்க," என்று போனைத் தரையில் வைத்தார்.

ஒரு சத்தம் கேட்டது. எவர்சில்வர் தரையில் உரசுகிற சத்தம். நின்றது. மறுபடி கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி.

அது என்ன என்று நான் எழுதப்போவதில்லை. டீச்சருக்கு ஈரல்வரை கிடைத்தது, எனக்குப் பாதிக்குப் பாதிவரை. மிச்சம் உங்களுடையது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.