ஒரு 'டா' வழக்கு

என் அம்மா ஒரு வாடகைக் கார் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் பத்தொன்பது வருடமாக மைக் பிடிப்பவள். யாரை எங்கே ஏற்ற வேண்டும், எந்தச் சந்தில் புகுந்தால் சீக்கிரம் போகலாம் என்று நாற்பது வண்டிகளுக்கும் வயர்லெஸ்ஸில் சொல்வது அவள் வேலை. அந்த நாற்பதில் பதினேழாவது வண்டியை ஓட்டுவது நான். கல்லூரியில் தத்துவம் படித்தவன் என்பதால் எனக்கு டிரைவர் வேலை உடனே கிடைத்தது.

நான் சேர்ந்த அன்றே அம்மா ஒரு சட்டம் போட்டாள். எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. காலையில் அதிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டியதும் அவள் மேடம், நான் பதினேழு. மாலையில் அட்டை ஆணிக்குத் திரும்பியதும் அவள் அம்மா, நான் அவள் பெற்ற தறுதலை. அட்டை கழுத்தில் இருந்தால் வீட்டுப் பேச்சு கிடையாது. ஆணியில் இருந்தால் ஆபீஸ் பேச்சு கிடையாது. இதில் என் இலக்கணமே இரண்டாகப் பிளந்துவிட்டது. வீட்டில் அம்மா சொன்னாள். ஆபீசில் மேடம் சொன்னார்.

ஒருநாள் அட்டையை மாட்டிய பிறகு தெரியாத்தனமாக, "அம்மா, என் நீலச் சட்டை எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"டூட்டி டைம்ல சொந்த விஷயம் பேசாதீங்க, பதினேழு," என்றார் மேடம். முந்தின நாள் சட்டையோடு போனேன்.

இந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவர் அப்பா. கடிகாரம் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க 'டிக் டிக்' என்று ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டு, யாராவது நாலு ஊர்க்கதை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கி வீட்டுக்கு வருவார். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்பார். அம்மா ஆணியைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். அப்பாவும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை இழுத்து வைத்துக்கொள்வார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த மழை வராமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும்.

காலை பத்து நாற்பத்திரண்டு. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வயர்லெஸ்ஸில் மேடத்தின் குரல்: "பதினேழு, ஆஸ்பத்திரி வாசல், ரெண்டு பேர், ஒரு சக்கர நாற்காலி. குடை எடுத்துட்டுப் போனியாடா?"

அந்த 'டா' நாற்பது வண்டிகளிலும் கேட்டது. எங்கிருந்தோ ஒரு கட்டைக்குரல், "நான் எடுத்துட்டு வரலம்மா!" என்றது. முப்பத்தெட்டு வண்டிகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. ஒன்பதாவது வண்டியும் சிரிக்கவில்லை.

ஒன்பதை ஓட்டுபவருக்குப் பட்டப்பெயர் 'புகார்'. டீ ஆறியிருந்தால் புகார் சொல்வார். சூடாக இருந்தால் நாக்கு வெந்துவிட்டது என்று புகார் சொல்வார். அன்று மத்தியானமே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்: கன்ட்ரோல் ரூம் அம்மையார் நல்ல சவாரிகளைத் தன் மகனுக்கே தள்ளிவிடுகிறார், ஆதாரம், மேற்படி 'டா'.

மேனேஜர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எதையாவது விசாரிக்க வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தவருக்கு இது வசதியாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. புகார் உண்மை என்றால் மேடத்தை மைக்கிலிருந்து தூக்கிப் பழைய ஃபைல்களை அடுக்கும் அறையில் போடுவார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பேச ஆளும் கிடையாது. அம்மாவை மைக் இல்லாமல் உட்காரவைப்பது மீனை மேசையில் உட்காரவைப்பது போல.

அன்று மாலை மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மா, வெள்ளிக்கிழமை…"

"வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கணும். ஏணி கேட்டு வச்சிருக்கேன்."

"அது இல்லம்மா, அந்த விசாரணை…"

அம்மா கரண்டியால் ஆணியைக் காட்டினாள்.

"மைக்கே போகப் போகுது. இப்பவுமா சட்டம்?"

"இப்பதான்டா சட்டம். பிரச்சினை இல்லாத நாள்ல எவன் வேணா ஒழுங்கா இருப்பான்."

"என்ன விசாரணை? யாரு மைக்?" என்று அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க," என்றோம் நாங்கள் இருவரும்.

மகன் சாட்சி சொன்னால் எவன் நம்புவான்? யோசித்துப் பார்த்தேன். எனக்கு வந்த சவாரிகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினேன். மறுநாள் வண்டியில் உட்கார்ந்தபடியே, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து, நானும் ஒரு புகார் எழுதினேன். அதே மேடத்தின் மேல்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் இரண்டு தாள்களையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தார். "இவர் சொல்றாரு, மகனுக்குச் சலுகை. மகன் சொல்றாரு, மகனுக்குக் கொடுமை." என் தாளைச் சத்தமாகப் படித்தார். "ஆறு மாதத்தில் எனக்கு ஒரு ஏர்போர்ட் சவாரிகூடத் தரப்படவில்லை. இரட்டைக் கட்டில் மெத்தை நான்கு முறை தரப்பட்டது. வழி நெடுகப் பயிற்சி செய்யும் டிரம்ஸ்காரர் வாரம் தவறாமல் தரப்படுகிறார். 'லெஃப்ட், லெஃப்ட்' என்று தவறாக வழி சொல்லும் கிளி ஒன்றும் தரப்பட்டது."

"நாடகம் சார்!" என்று எழுந்தார் புகார். "ஆத்தாளும் மகனும் வீட்ல உக்காந்து கூட்டா எழுதியிருக்காங்க!"

மேடம் கை நீட்டித் தாளை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"இதை இப்பதான் முதல் தடவையா பாக்குறேன் சார். மூணு எழுத்துப்பிழை இருக்கு. வீட்ல எழுதியிருந்தா இருந்திருக்காது."

மேனேஜர் சவாரிப் பதிவேட்டை வரவழைத்தார். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். மெத்தை, பதினேழு. டிரம்ஸ், பதினேழு. கிளி, பதினேழு. மெத்தை, பதினேழு. ஏர்போர்ட் என்று வந்த இடமெல்லாம் வேறு எண்கள். அதில் அதிகம் ஒன்பது.

"ஒன்பதுக்கு முப்பத்தொரு ஏர்போர்ட். பதினேழுக்கு ஒண்ணுகூட இல்ல. ஏம்மா?"

"சலுகைன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான் சார்."

"மகன்னு தெரிஞ்சு கொடுத்தாலும் மகன்தான். மகன்னு தெரிஞ்சு கொடுக்காம விட்டாலும் மகன்தான். ரெண்டும் ஒண்ணுதானே?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தப்புதான் சார்," என்றார். "பதினேழு சொல்றது நியாயம். இனிமே எல்லாருக்கும் வரிசைப்படிதான்."

எனக்கு உள்ளே மேளம் கொட்டியது.

"அப்ப அந்த 'டா'?" என்று விடாமல் பிடித்தார் புகார். "எங்களை யாரையாவது 'டா' போட்டிருக்காங்களா?"

"அந்தத் தேதியில பத்து நாற்பத்திரண்டைப் பாருங்க சார்," என்றார் மேடம்.

மேனேஜர் பக்கத்தைப் புரட்டினார். மேடத்தின் குண்டுக் கையெழுத்தில் இப்படி இருந்தது: '10.42. கட்டுப்பாட்டாளர் அலுவலக அலைவரிசையில் சொந்த விஷயம் பேசினார். கடுமையாக எச்சரிக்கப்பட்டார்.'

"யாரு எச்சரிச்சது?"

"நான்தான் சார்."

"யாரை?"

"என்னைத்தான்."

மேனேஜர் பதிவேட்டை மெல்ல மூடினார். "இதுக்கு மேல நான் என்னத்த எச்சரிக்கிறது? போய் மைக்ல உக்காருங்கம்மா. பத்து நிமிஷமா அங்க யாரும் இல்லாம ஊரே நிக்குது."

"அந்த ஏர்போர்ட் ரோடு முழுக்கப் பள்ளம் சார்," என்று புகார் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். யாரும் நின்று கேட்கவில்லை.

நான் ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். வயர்லெஸ் கரகரத்தது. "எல்லா வண்டிக்கும். கன்ட்ரோல் வந்தாச்சு. ஓவர்." அவ்வளவுதான். ஆனால் ஷெட்டில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்கின. எதிர்க்கடைக்காரர் கல்யாண ஊர்வலமோ என்று வெளியே வந்து பார்த்தார்.

அன்று மாலை அட்டை ஆணிக்குப் போனது. அம்மா ஏணியில் ஏறி ஒட்டடை அடித்தாள், வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏதோ ஜெயிச்சிருக்கீங்க. என்னன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போவீங்க?"

அம்மா ஒட்டடைக் குச்சியால் ஆணியைக் காட்டினாள்.

மறுநாள் காலை வரிசைப்படி முதலில் வந்தது ஒன்பது. "ஒன்பது, ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு, அதோட ஓனர், அவரோட நாய்." புகார் என்ன சொன்னார் என்பது வயர்லெஸ்ஸில் சரியாகக் கேட்கவில்லை, நாய் குரைத்தது மட்டும் கேட்டது. அடுத்தது நான்.

"பதினேழு. பயணி ஒருத்தர். மூட்டை இல்ல, மெத்தை இல்ல, கிளி இல்ல." பிறகு மேடம் ஒரு விலாசம் சொன்னார். அது எங்கள் வீட்டு விலாசம்.

போய்ப் பார்த்தால் வாசலில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், தலை வாரிக்கொண்டு நிற்கிறார். கதவைத் திறந்து பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்க சார் போகணும்?"

"எங்கயாவது போ. இது ஆபீஸ்தானே? ஆணி இங்க இல்லல்ல? இப்ப சொல்லுடா, என்னடா ஆச்சு?"

"சார், டூட்டி டைம். 'டா' போடக் கூடாது."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிங்க தம்பி. முதல்ல இருந்து சொல்லுங்க."

மீட்டரைப் போட்டுவிட்டு, "அன்னைக்கு நல்ல மழைங்க சார்," என்று ஆரம்பித்தேன்.