முதல் அத்தியாயத்தோடு நிறுத்தியவர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கொஞ்சம் ஆறப்போட்டு எழுதேன் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிவிட்டால் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஓர் ஆய்வு நூலைப் பற்றிக் குட்டிக் கட்டுரை இருக்கிறது. சந்தைத் தராசுகளைப் பற்றிய நூல். கட்டுரையின் இரண்டாவது வரி இது: ‘சில்லறை வியாபாரிகள் எடையில் ஏமாற்றுபவர்கள் என்பதை இந்நூல் நிறுவுகிறது.’

நூல் நிறுவுவது இதற்கு நேர் எதிரானது.

2

முதல் தொடக்கம்: ‘மழை தூறிக்கொண்டிருந்த மாலையில் அந்த மூதாட்டி —’ வேண்டாம். மழையும் இல்லை, மூதாட்டி என்றால் அவருக்கு ஆகாது.

நூலாசிரியை ஓய்வுபெற்ற பேராசிரியை. ஆய்வுக்காக வெங்காயக்காரம்மாவின் கடையில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தவர், நூல் வந்த பிறகும் அந்த மூட்டையை விடவில்லை. போன மாதம் போனபோது உட்காரச் சொல்ல ஆளில்லை.

“என் பொண்ணு போன்ல படிச்சுக் காட்டுனா, டீச்சரம்மா. என் கடையில உக்காந்து, என் டீயக் குடிச்சிட்டு, எங்களத் திருடங்கன்னா எழுதி வச்சிருக்கீங்க?”

“நான் அப்படி எழுதலம்மா.”

“அப்ப போன்ல இருக்கறது பொய்யா? வேற கடையப் பாருங்க.”

வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு சந்தைப் பக்கமே போகவில்லை.

3

கட்டுரையைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்நியராக வைத்தால் அவருக்கு ஏன் வலிக்கப்போகிறது? மகளாக வைத்தால் அழுகை கூடிவிடும். எனவே மருமகள். மாமியாருக்காகச் சண்டை போடும் மருமகளை நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.*

(* ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். கூடத்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் இருவருக்கும் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.)

மருமகள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். விதிமுறைகளை வரிவரியாகப் படித்துப் பழகியவள். உட்கார்ந்து திருத்தினாள்: முதல் அத்தியாயம் வியாபாரிகள்மேல் உள்ள பழைய குற்றச்சாட்டைச் சொல்கிறது, மற்ற அத்தியாயங்கள் அதை உடைத்து, கள்ள எடை மொத்தக் கிடங்கிலிருந்தே வருகிறது என்று காட்டுகின்றன. பக்க எண்ணும் கொடுத்தாள்.

டீ ஆறுவதற்குள் பழைய வரி திரும்பி வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் காவல் காக்கும் தன்னார்வலர் ஒருவர் இருக்கிறார். காவல்காரர் என்று அவள் பெயர் வைத்தாள். அவர் எழுதியிருந்தார்: ‘நூல் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. வெளி ஆதாரம் வேண்டும். நீங்கள் ஆசிரியருக்கு உறவா?’

ஆமாம், மருமகள் என்று பதில் போட்டாள். அதோடு அவள் அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது என்றாகிவிட்டது.

பொய் சொல்லியிருக்கலாமே என்று நானே அவளிடம் கேட்டேன். “தப்பா எழுதினது அவங்க. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?” என்றாள். நான் உண்டாக்கிய ஆளே என் வாயை அடைத்தாள்.

4

அந்த வரிக்கு ஆதாரம் என்று ஒரு பத்திரிகை மதிப்புரையைக் காட்டியிருந்தார்கள். மதிப்புரைக்காரருக்கு மருமகள் போன் செய்தாள்.

“புத்தகத்தப் படிச்சீங்களா சார்?”

“கெடைக்கலம்மா. கலைக்களஞ்சியத்துல இருந்துதே, அதப் பாத்துதான் எழுதினேன்.”

“அவங்க உங்க மதிப்புரையத்தானே ஆதாரமாக் காட்டறாங்க!”

“அப்படியா? அப்ப ரெண்டும் ஒத்துப்போகுது. சரியாத்தான் இருக்கும்.”

இந்த மனிதர் மட்டும் என் கையில் — (இல்லை. கதை சொல்பவர் நிதானம் இழக்கக் கூடாது.) இழந்துவிட்டேன், போங்கள்! கட்டுரைக்கு மதிப்புரை சாட்சி, மதிப்புரைக்குக் கட்டுரை சாட்சி. நடுவில் புத்தகம் என்று ஒன்று இருப்பது ஒருவருக்கும் பொருட்டில்லை. எவரோ முதல் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டு எழுதியதை ஊரே நம்புகிறது.

மருமகளுக்கு மாமியார்மேலும் கோபம் வந்தது.

“குத்தம் சொல்றவங்க கட்சிய மொத அத்தியாயத்துல ஏன் அத்தை அவ்வளவு நல்லா எழுதினீங்க?”

“எதிராளி சொல்றத அவனவிட நல்லாச் சொல்லிட்டுத்தான் மறுக்கணும். அரைகொறையாச் சொல்லி மறுத்தா அது வெறும் சண்ட.”

“அதுக்கு மேல யாரும் படிக்கலயே அத்தை.”

பேராசிரியை காய்கறிக் கூடையை எட்டிப் பார்த்தார். “வெங்காயம் வாங்கியாச்சா?” என்று கேட்டார்.

5

முடிவு ஒன்று: காவல்காரர் புத்தகத்தை வாங்கிப் படித்து மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

முடிவு இரண்டு: பேராசிரியை மனம் உடைந்து — மாட்டேன். அந்தத் திருப்தியை அவர்களுக்குத் தர மாட்டேன்.

முடிவு மூன்று: அச்சான இந்தக் கதையையே மருமகள் ஆதாரமாகக் காட்டுகிறாள். கதைதானே என்பார் காவல்காரர். இதையும் முதல் பகுதியோடு நிறுத்திவிட்டு, ஏமாற்று வியாபாரிகளைப் பற்றிய கதை என்று எழுதி வைப்பார்.

எனவே உங்களிடம் வருகிறேன். பேராசிரியை பையை எடுத்துக்கொண்டு மறுபடி சந்தைக்குப் போகிறார். மருமகளும் கூடப் போகிறாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். மருமகள் வாயைத் திறந்ததுமே வெங்காயக்காரம்மா கையைக் காட்டி நிறுத்துகிறார்.

“நீ அவங்க வீட்டுப் பொண்ணு. அவங்களுக்குத்தான் பேசுவ.”

பிறகு உங்களைப் பார்க்கிறார்.

“நீங்க சொல்லுங்க. இவங்க எங்களப் பத்தி என்னதான் எழுதியிருக்காங்க?”

நூலை நீங்களும் படிக்கவில்லை. தயங்குகிறீர்கள். இந்தத் தயக்கம் அந்த மதிப்புரைக்காரருக்கு வந்திருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். பேராசிரியை உங்கள் பக்கம் திரும்பவில்லை. யாரும் உட்காராமல் கிடக்கும் அந்தச் சாக்கு மூட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“சொல்லுங்க, கூட்டம் நிக்குது.”