ஈக்குத் திரும்பிய ருசி

நாட்டில் சண்டை முடிந்த பிறகு எங்கள் ஊர் ஆலங்குடாவுக்கு வராத ஆள் இல்லை. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓட வெள்ளைக்காரன் வருகிறான். ஹோட்டல் கட்டக் காணி பார்க்கிறவன் வருகிறான். வருகிற எவனும் எங்களுக்காக வருவதில்லை. அதனால் அக்கீலா என்ற அந்தப் பெண் நான் கருவாடு காயவைக்கிற வாடிக்கு வந்து, "மாமா, கொஞ்சம் ஈ பிடிச்சிக்கிறட்டா?" என்று கேட்டபோது, சுகாதாரப் பகுதி ஆள் என்றுதான் நினைத்தேன்.

"ஈ இருக்குண்டு எழுதி வாடிய மூடப் போறியா?"

"இல்ல மாமா. நான் கெம்பஸ்ல படிக்கிறன். ஊரு கனமூலை. ஈ எப்படி ருசி பாக்குதுண்டு ஆராய்ச்சி."

"அதுக்கும் ஒரு படிப்பா? வலையப் போட்டுப் பிடி. மீனத் தொடாத."

ருசி என்று சொன்னதால்தான் அவளை விரட்டவில்லை. என் மனைவி ஆசியா உம்மாவுக்குத் தொண்டையில் புற்று வந்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அடித்தார்கள். புற்று போனது. நாக்கில் ருசியும் போனது. சோறு, மீன், சீனி எல்லாம் மண் என்கிறாள். விழுங்க முடியும், விழுங்க மாட்டாள். முழங்கை எலும்பு தெரிகிறது. டொக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். அவருக்கென்ன, பொறுப்பார்.

வாடியின் மூலையில் மேசை போட்டு அக்கீலா வேலை செய்தாள். குச்சி நுனியில் மெழுகு வைத்து ஈயை ஒட்டுவாள். அதன் வாயில் சீனித் தண்ணீர் தொட்டால், வாயை நீட்டிக் குடிக்கும். பிறகு ஒரு சின்னப் போத்தலில் இருந்து ஒரு சொட்டு எடுத்து வாய் நுனியை அதில் வைப்பாள். கழுவிவிட்டு மறுபடி சீனித் தண்ணீர் தொட்டால், ஈ வாயை நீட்டாது. சீனி பக்கத்தில் இருக்கும், ஈ கிடக்கும். ஆசியா உம்மா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருப்பது போலவே.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து மீனைப் புரட்டிப் போட்டேன். வெயில் சாய்கிற நேரத்தில் அக்கீலா கூப்பிட்டாள்.

"மாமா, இப்ப பாருங்க."

அதே ஈ. சீனித் தண்ணீர் தொட்டாள். வாயை நீட்டிக் குடித்தது.

போத்தலுக்குக் கையை நீட்டினேன். "அந்தப் போத்தல்ல ஒரு சொட்டு எனக்குத் தா, புள்ள. கதிர் அடிச்சு ருசி போன என் பொண்டாட்டிட நாக்குக்கு."

அவள் போத்தலைக் கையால் மூடிக்கொண்டாள். "அல்லாஹ்வே, மாமா. இது கெடுக்குற மருந்து. ருசி பாக்குற கலம் இருக்கே, செல்லு, அதுட மென்சவ்வ, அதான் மேல் தோல், அத இது அரிச்சிப் போடும். சுகமாக்கினது நானில்ல. ஈதான்."

"ஈ எப்படிச் சுகமாக்கும்?"

"அதுக்கு அந்தக் கலம் போனா வேற கலம் வராது. அதனால உள்ளுக்கிருந்தே செஞ்சு செஞ்சு தோலப் புதுசாக்கிக்கிட்டே இருக்கும்."

"மனிசனுக்கு?"

"மனிசனுக்குப் பழைய கலம் செத்து புதுசு பிறக்கும்."

"அப்ப நாமதானே ஈயவிடப் பெரியாள்."

"ஓம் மாமா. ஆனா புதுசப் பெத்துப் போடுறதே கதிர்ல கருகியிருந்தா..." மேசையைத் துடைத்தாள். "கொஞ்சப் பேருக்கு மெல்ல வரும். கொஞ்சப் பேருக்கு வராது."

"இவளுக்கு?"

"எனக்குத் தெரியா மாமா."

படித்தவர்கள் இந்த ஒரு பதிலைத்தான் சுருக்கமாகச் சொல்வார்கள்.

அது நோன்பு மாதம். நோன்பு பிடித்தவர்கள் கஞ்சிக்கு உப்புப் பார்க்கத் தயங்குவார்கள். ஆசியா உம்மா நோயாளி, நோன்பு இல்லை. அதனால் எங்கள் ஒழுங்கைச் சந்தில் இருக்கிற பெண்கள் அகப்பையோடு அவளிடம்தான் வருவார்கள். அவள் நாக்கு செத்தது அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் விடமாட்டாள். அன்றைக்கும் பக்கத்து வீட்டு ஸக்கியா வந்தாள்.

"மாமி, உப்பப் பாருங்க. நேத்து உங்கட பேச்சக் கேட்டுத்தான் போட்டன், என்ட மனிசன் கடல் தண்ணியக் காய்ச்சினியாண்டு கேட்டாரு."

"உன்ட மனிசனுக்கு நாக்கு நீளம். கொண்டா." நக்கினாள். கண்ணை மூடி யோசித்தாள். "இண்டைக்கு உப்புப் பத்தாது. இன்னும் ஒரு கை போடு."

ஸக்கியா அவளையும் என்னையும் பார்த்தாள். "சரி மாமி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தும் ஒருத்தியும் வரவில்லை. ஆசியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அடுப்பில் கஞ்சி கொதிக்கிற வாசம் வந்தது. அவளுக்கு அதுவும் வந்ததோ என்னவோ.

"ஸக்கியாவக் காணல்லயே?"

"வேலையாக்கும்."

எழும்பிப் போய் உப்புப் பேணியைத் திறந்து, ஒரு விரல் உப்பை நாக்கில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு விரல் வைத்தாள். பேணியை மூடினாள்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஸக்கியா கஞ்சி கொடுத்தனுப்பினாள். இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.

"ரெண்டு வாய் குடி."

"நீங்க குடிங்க."

"குடிக்காட்டி மவுத்தாப் போவாய்."

"மண்ணக் குடிச்சா மட்டும்?" கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டாள். கோபம்கூட இல்லை.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பகல் முழுக்க வெயிலில் நின்ற உடம்பு. கஞ்சியை எடுத்துக் குடித்தேன். உப்புச் சரி, இஞ்சி சரி, தேங்காய்ப்பால் தொண்டையில் இறங்கியது. நிறுத்த நினைத்தேன், வாய் நிற்கவில்லை. அவளுடையதையும் குடித்துவிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.