கெமரா கொப்பியில் ஒரு தலை

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்தினான் றிஸ்னி. நான் ரிமோட்டை அழுத்தினேன். சிவப்புப் போர்வைக்கார நாயகன் கட்டடத்துக்கும் வானத்துக்கும் நடுவில் அப்படியே தொங்கினான்.

"பாரு மச்சான், சட்டைக் கிழிசல் எடது கையில ஈக்குது. முந்தி வலது கையில ஈந்திச்சி. பிழையா இல்லையா?"

"அது கண்ணாடிச் சுவர்ல தெரியிற உருவம்டா. கண்ணாடியில கை மாறித்தானே தெரியும்?"

"கண்ணாடியாம்! அப்ப பின்னால போர்டுல எழுத்து மட்டும் ஏன் நேரா ஈக்குது?"

"எழுத்த விடுடா, கையப் பாரு!" என்று நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் வீசீடி பிளேயர் இருந்த ஒரே வீடு, பக்கத்து வீட்டு வதனியக்காவுடையது. அவருடைய அண்ணன் சதீசன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போன புதிதில் வாங்கி அனுப்பியது. றிஸ்னியின் வாப்பாவுக்குப் பதுளை டவுனில் சீடிக் கடை. புதுப் படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவான். ஒரு தடவை பார்ப்பதற்கு, மறுதடவை பிழை பிடிப்பதற்கு.

இந்தப் படம் போன மாதம்தான் தியேட்டருக்கு வந்திருந்தது. எங்களுடையது கெமரா கொப்பி. கொழும்புத் தியேட்டர் ஒன்றில் யாரோ ஒளித்து வைத்து எடுத்தது. திரை கொஞ்சம் சரிந்திருக்கும். அடியில் முன்வரிசைத் தலைகள் கறுப்பாகத் தெரியும். தியேட்டரில் இருப்பவர்களின் சிரிப்பும் படத்தோடு சேர்ந்து கேட்கும். நாங்கள் அதையெல்லாம் கண்டுகொள்வதே இல்லை.

கதவோரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வதனியக்காவின் கை நின்றது.

"அந்தத் தல."

"எந்தத் தலக்கா?"

"கீழ, நடுவுல. உச்சியில முடி நட்டுக்கிட்டு நிக்குது பாரு. அது எங்கண்ணன்."

சிரிக்கப் போன றிஸ்னியின் முழங்காலை அழுத்திப் பிடித்தேன். சதீசன் அண்ணனுக்கு இரட்டைச் சுழி. தண்ணீர் தொட்டு எப்படி வாரினாலும் அந்தக் கொத்து படியாது. போன வருஷம் தீபாவளிக்கு முன், கொழும்பில் நடந்த ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் அவரைக் கூட்டிப்போனதாக அறையில் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். எங்கே போய்க் கேட்டாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே பதில் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவர் போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவதென்று அவருடைய அம்மா பெரியாயி சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வதனியக்கா தன் தாயோடு பேசுவதில்லை.

"நீங்க ரெண்டு பேருந்தான் பெரிய பிழை புடிக்கிறவங்களாச்சே," என்றார். "பாத்துச் சொல்லுங்க. போன மாசம் படம் பாத்த மனுசனுக்கு வெள்ளிக்கிழம மாலை போடலாமா?"

ஓடவிட்டேன். அந்த உருவம் இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு, முழங்கைகளை விரித்துச் சாய்ந்தது. எங்கள் வாசல் படியில் அண்ணன் அப்படித்தான் உட்காருவார். "அண்ணன்தான்," என்று வாய்வரை வந்துவிட்டது.

அப்போது நாயகன் கூரையிலிருந்து பாய்ந்தான். அடுத்த காட்சியில் ரயிலின் மேல் நின்றான். கீழே அந்தத் தலை இல்லை.

அவர் எழுந்து போகவில்லை. குனியவும் இல்லை. பின்னுக்கு இழுத்து, ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினேன். ஒன்றில் இருந்தார். அடுத்ததில் இல்லை.

"கெமராவ நிப்பாட்டிப் பொறவு எடுத்தீப்பான்," என்றான் றிஸ்னி.

"இல்லடா. தியேட்டர்ல ஒரு புள்ள அழுவுது, கேட்டியா? அந்த அழுக எங்கயும் அறுபடல. படத்துலதான் வெட்டு. உக்காந்திருக்கிற மனுசனுக்கு ஏதுடா வெட்டு?"

வாதத்தில் முதல்முறையாக நான் வென்றிருந்தேன். றிஸ்னி கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

பெரியாயி கோயிலிலிருந்து நெற்றி நிறைய திருநீறோடு வந்தார். இத்தனை நாள் பேசாத மகள் அவர் கையைப் பிடித்து டீவீக்கு முன்னால் உட்கார வைத்து, விரலை வைத்துக் காட்டினார். "பாரும்மா. நல்லாப் பாத்துட்டு அப்பறம் மாலையக் கட்டு."

மறுபடி ஓடவிட்டேன். தலை இருந்தது. முழங்கைகள் விரிந்தன. நாயகன் பாய்ந்தான். தலை இல்லை. பழக்கத்தில் பின்னுக்கு இழுக்கப் போனேன்.

"விடு தம்பி," என்றார் பெரியாயி. "ஓடட்டும்."

அதுவரை அந்த இடத்தைத் தாண்டி நாங்கள் கீழே பார்த்திருக்கவில்லை. ஏதோ வேடிக்கைக் காட்சி. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. கறுப்புத் தலைகள் எல்லாம் குலுங்கின. காலியாகிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்த தலை மட்டும் குலுங்கவில்லை. அது மெல்லத் திரும்பியது. நெற்றி, மூக்கு, தாடை என்று பக்கவாட்டில் ஒரு முகம் தெரிந்தது. அது காலி இடத்தைப் பார்த்தது. பிறகு ஒரு கை நீண்டு, அந்த இருக்கையின் முதுகைத் தடவியது.

பெரியாயி முழங்காலால் நகர்ந்து டீவீக்குக் கிட்டப் போனார்.

"ஐயா," என்றார், மெதுவாக, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல. "எம்மகன் எங்கிட்டுப் போனான்? நீங்க பாத்தீங்கதானே?"

தியேட்டர் இன்னொரு தடவை சிரித்து ஓய்ந்தது. கை அந்த இருக்கையிலேயே இருந்தது. முகம் திரைக்குத் திரும்பவில்லை.